குப்புறப் படுக்கும் நாள்

பெட்டியைப் பிரித்தபோது கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஜன்னலை ஒட்டிய சாய்வு நாற்காலியில் மாமனார். சோபாவில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை காலை நீட்டிக்கொண்டு மச்சான். சாப்பாட்டு மேசையருகே, உலர்ந்த துணிகளை மடித்தபடி மனைவி. தரையில், பெட்டிக்குப் பக்கத்தில், ஒட்டுநாடாவை நகத்தால் சுரண்டிக்கொண்டு மாப்பிள்ளை. இரண்டு நாற்காலிகள் காலியாகத்தான் இருந்தன. ஆனாலும் அந்த வீட்டில் மாப்பிள்ளையின் இடம் தரை என்று ஆகிப்போயிருந்தது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உட்கார்ந்து உட்கார்ந்தே அப்படி அமைந்துவிட்டது.

மலைமேல் டென்ட் போட்டுத் தங்குவதென்று மச்சான் திட்டம் போட்டிருந்தான். டென்ட் வந்தாயிற்று, மடக்கு அடுப்பு வந்தாயிற்று. அடியில் விரித்துப் படுக்க மெத்தைதான் பாக்கி. தபாலில் சாமான் அனுப்பும் கடையொன்று மூன்று வகை மெத்தைகளைப் பார்வைக்கு அனுப்பியிருந்தது. படுத்துப் பார்த்து எது வேண்டும், எத்தனை வேண்டும் என்று கடிதம் எழுதினால் போதும்.

படுத்துப் பார்ப்பது யார் என்ற கேள்வியே எழவில்லை. மாமனார் நாற்காலித் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். ஒரு பொருளை ஒரு உடம்பு பயன்படுத்திப் பார்க்காமல் வீட்டுக்குள் சேர்க்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த உடம்பு மாப்பிள்ளையுடையது. மச்சானின் புது ஷூவைக் கடிக்காத பதத்துக்கு நடந்து கொடுப்பதும், குளியலறைக் கொதிகலன் ஷாக் அடிக்கிறதா என்று முதலில் கையை வைப்பதும் அவன்தான்.

"ஃபாக்டரியில மணல் மூட்டை வெச்சுத்தான் பார்ப்போம்," என்றார் மாமனார். "ஆனா மூட்டை வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லாது. நம்ம மாப்பிள்ளை சொல்லுவார். அதான் வித்தியாசம்."

"அந்த ஒண்ணுதானா வித்தியாசம்?" என்றான் மச்சான் சோபாவிலிருந்து.

மனைவி மடித்த துண்டுக்குள் சிரித்துக்கொண்டாள்.

முதலாவது, விசிறி போல மடிந்து விரியும் ஃபோம் மெத்தை. அதில் படுத்ததும் இடுப்பெலும்பு தரையைத் தொட்டுவிட்டது. கிடங்கு ஏணியிலிருந்து விழுந்து வேலையும் போய், முதுகில் வலி மட்டும் தங்கிவிட்டவன் அவன். எழுந்திருக்கும்போது "ஐயோ, அம்மா" என்று ஒரு முனகல் தானாக வரும். வந்தது. இரண்டாவது, வாயால் ஊதும் காற்று மெத்தை. ஊதி முடிப்பதற்குள் கண் இருட்டியது; படுத்தால் ஒவ்வொரு அசைவுக்கும் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குவதுபோல ஒரு சத்தம். "டென்ட்டுல ராத்திரி பூரா சிப்ஸ் தின்ன மாதிரி இருக்கும்," என்று மச்சான் அதைத் தள்ளிவிட்டான்.

மூன்றாவது சாம்பல் நிறம். ஊத வேண்டியதில்லை, மூலையிலிருக்கும் வால்வைத் திறந்தால் தானே காற்றை இழுத்துக்கொள்ளும் வகை. மாப்பிள்ளை திறந்தான். ஸ்ஸ்ஸ் என்று மெல்ல இழுத்துக்கொண்டு, சுருட்டிக் கிடந்த துணி சோம்பல் முறிப்பதுபோல நீண்டு, தடித்து, தரையில் படிந்தது. நிரம்பியதும் வால்வைத் திருகி மூடினான்.

சத்தம் நிற்கவில்லை.

இன்னும் ஒரு திருகு திருகினான். விரலை வைத்துப் பார்த்தான். வால்வில் காற்றோட்டமே இல்லை. ஆனாலும் ஸ்ஸ்ஸ். மெத்தையின் பரப்பு முழுவதிலிருந்தும், பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுவதுபோல. யாராலும் எவ்வளவு நேரம்தான் மூச்சை உள்ளே இழுக்க முடியும்? எங்கேயாவது ஓரிடத்தில் வெளியே விட்டுத்தானே ஆக வேண்டும்? இது விடவில்லை. மடித்த துணிகளின் சோப்பு வாசனை, மாமனார் மூட்டில் தேய்த்திருந்த தைலத்தின் நெடி, பிரித்த பெட்டியின் அட்டை மணம் எல்லாம் கூடத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைவதை அவன் மூக்கு உணர்ந்தது.

"மாமா, இது இன்னும் இழுக்குது."

"நல்ல சரக்கு, அதான். ஃபாக்டரியில ஒரு சட்டம் உண்டு. மனுஷன் எப்படியெல்லாம் உக்காருவானோ அப்படியெல்லாம் உக்காந்து பார்க்கணும். படுக்கறதுல நாலு விதம். மல்லாந்து, வலப்பக்கம், இடப்பக்கம், குப்புற. ஒரு நாளைக்கு ஒண்ணா பார்த்துடலாம். ம், மல்லாந்து படுங்க."

படுத்தான். ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் இடுப்புக்கு மேலே முடிச்சுப் போட்டு உட்கார்ந்திருந்த வலி, யாரோ பொறுமையாக நூல் நூலாகப் பிரித்து எடுப்பதுபோல இளகி, கீழே இறங்கி, போயே போய்விட்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது அவனுக்கு. தூங்கிப்போனான். மாமனார் காலால் நெருடி எழுப்பினார். எழுந்தபோது முனகல் வரவில்லை.

"எப்படி?"

"சுகமா இருக்கு மாமா," என்றான். பொய்யில்லை.

அன்று மாலை மனைவி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளோடு பேசியபடி அவன் மேசையில் சாய்ந்து நின்றான். பேச்சு எப்போதும்போல வேலையைப் பற்றி. மாமனாரின் சிநேகிதர் ஒருவர் கம்பெனியில் கிடங்கு மேற்பார்வையாளர் இடம் காலியாம். தங்க வீடும் தருவார்களாம். மெத்தை விஷயம் முடிந்ததும் மாமனார் ஃபோனில் பேசுவதாகச் சொல்லியிருந்தார். வேறு வீடு, தனிச் சமையல், நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாடு. அவன் அதையே எண்ணிக்கொண்டு நின்றபோது ஏதோ பொசுங்கும் நாற்றம். முடி கருகுவதுபோல. அடுப்பைப் பார்த்தான், அணைந்திருந்தது. ப்ளக்கைப் பார்த்தான். நாற்றம் அதிகமாகிக்கொண்டே வந்தது.

"என்னங்க, தள்ளுங்க, தள்ளுங்க!"

நிமிர்த்தி வைத்திருந்த இஸ்திரிப் பெட்டியின் மேல் அவன் முதுகு சாய்ந்திருந்தது. சட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணாடியில் திரும்பிப் பார்த்தபோது, முக்கோணமாக, ஓரத்தில் கொப்புளித்து, நடுவில் வெந்து வெளுத்த ஒரு புண்.

அவனுக்கு ஒன்றுமே தெரியவில்லை. புண் மட்டுமல்ல, முதுகே தெரியவில்லை. கழுத்தடியிலிருந்து இடுப்பு வரை, அங்கே ஏதோ இருக்கிறது என்ற நினைப்புகூட இல்லை.

மருந்து தடவிய மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். "இது தெரியுதா?" என்றாள். "இல்ல." "இது?" "இல்ல." "இது?" குரலில் ஒரு குறுகுறுப்பு, சின்னப்பிள்ளை எறும்பைச் சீண்டும் ஆசை. "நிஜமாவே தெரியலையா? அய்ய, வேடிக்கையா இருக்கு!" அவள் கை முன்னால் வந்தபோது விரல்நுனிகளில் ரத்தம் இருந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டப் போனாள்.

"இனிமே அதுல படுக்கமாட்டேன்," என்றான் அவன் இரவுச் சாப்பாட்டில்.

மாமனார் கோபப்படவில்லை. "உங்க இஷ்டம். நானும் ஃபோன் பண்ணலாம்னு இருந்தேன். ஒரு மெத்தையில படுக்கப் பொறுமை இல்லாதவர் கிடங்கை எப்படிப் பார்த்துப்பார்னு அவங்க கேட்டா என்ன சொல்றது?"

"வலி போச்சேன்னு சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு," என்றான் மச்சான். "ஊருல இருக்கிறவன் எல்லாம் மரத்துப்போக மாத்திரை வாங்கித் தின்னுறான் மாப்ளே."

மறுநாள் மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். வலப்பக்கம். ஒருக்களித்துப் படுத்ததும் காது துணியோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே ஃபோம் நொறுநொறுவென்று அமரும் ஓசை, அதற்கும் அடியில் அந்த உறிஞ்சல், அதற்கும் அடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல மங்கலாக, ஒரு முனகல். யாரோ ஒரு ஆள். எழுந்திருக்க முயன்று முடியாமல் போகிற ஆள்.

"ஐயோ, அம்மா."

குரலை அவனுக்குத் தெரியும். தினமும் காலையில் கட்டிலிலிருந்து எழும்போது அவன் வாயிலிருந்து வரும் குரல்தான் அது. இப்போது அவன் வாய் மூடியிருந்தது. சற்று நேரத்தில் அந்த ஆள் இன்னொன்றும் முனகினான். "சுடுதே. சுடுதே."

எழுந்தபோது வலக்கை மரக்கிளை போலத் தொங்கியது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் விரலை மடக்க வேண்டியிருந்தது. "வலப்பக்கம் பாஸ்," என்றார் மாமனார்.

அதற்கு மறுநாள் இடப்பக்கம். காதைக் காப்பாற்ற உள்ளங்கையை அடியில் கொடுத்துப் படுத்தான்.

"கையை எடுங்க மாப்பிள்ளை. அப்புறம் கையில படுத்த மாதிரிதானே ஆகும்?"

எடுத்தான்.

முடிந்ததும் முகம் கழுவச் சமையலறைக்குப் போனான். குழாயைத் திறந்தான். தண்ணீர் கொட்டியது. ஓசையில்லை. கண்ணெதிரே பாத்திரத்தில் விழுந்து தெறிக்கிறது, சொட்டுக்கூட ஓசையில்லை. செவிடாகிவிட்டோமோ என்று குழாயை இன்னும் திருகிய அந்த நொடியில், காதுக்குள் மிக அருகே, ஒரு செருப்பு தரையில் தேயும் சத்தம். சாய்வு நாற்காலி கிறீச்சிடும் சத்தம். மாமனார் கனைத்துக்கொள்வது. கூடத்தின் ஓசைகள். தரைமட்டத்திலிருந்து, கால்களின் உயரத்திலிருந்து கேட்டன.

அவன் சமையலறையில் நின்றான். அவன் காது கூடத்தில், மெத்தையில் இருந்தது.

"நாளைக்குக் குப்புற," என்றது மாமனாரின் குரல் மேலேயிருந்து. "அத்தோட முடிஞ்சுது."

"அப்புறம் அந்த ஃபோன் விஷயம் கேப்பாருப்பா." மனைவி.

"எந்த ஃபோன்? அப்படி ஒரு கம்பெனியும் இல்ல, காலி இடமும் இல்ல. உனக்குத் தெரிஞ்சதுதானே."

"தெரியும். பாவம், தினம் ராத்திரி அந்த வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கலாம்னு கேக்கிறார். நானும் சிரிப்பை அடக்கிக்கிட்டு ஒரு கலர் சொல்லுவேன்."

மச்சான் சோபா அதிரச் சிரித்தான். "நேத்து என்ன கலர் சொன்னே?"

"இளம்பச்சை."

குழாய் ஓசையின்றிக் கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியாக அவனிடம் மிச்சமிருந்தது நெஞ்சும் வயிறும் முகமும். நெஞ்சு எரிந்தது. கன்னத்தில் கண்ணீர் சூடாக இறங்கியது; அதை அவன் உணர்ந்தான். இதுவரை முகம் தன்னுடையதாக இருக்கிறது. நாளைக்கு இருக்காது. மூக்கு, உதடு, நாக்கு, கண். எல்லாம் அந்தத் துணிமேல் அழுந்தும். அது இழுக்கும்.

அன்றைக்கே வெளியேறிவிடலாம் என்றுதான் எண்ணினான். வாசல் வரை போனான். ஆனால் முதுகும் கைகளும் காதும் கூடத்தில் கிடக்கும்போது, எதை எடுத்துக்கொண்டு போவது? திரும்பி வந்து சமையலறைக் கத்தியை எடுத்தான். கைப்பிடி கைக்குள் இருப்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, எல்லோரும் உள்ளே போகக் காத்திருந்தான்.

கூடம் காலியானது. திரைச்சீலையின் வழியே பழுப்பு வெளிச்சம். கூடத்தில் எந்த வாசனையும் இல்லை. நடுவில் மெத்தை. வந்த நாளைவிடத் தடித்திருந்தது. அதன்மேல் ஒரு பள்ளம் இல்லை, அவன் படுத்த தடம் இல்லை. படுத்த இடம் மேடாக இருந்தது. உள்ளிருந்து ஒரு முதுகு துணியை முட்டுவதுபோல. தோள்பட்டை. விலா. ஒரு காதின் மடல்.

மேல்புறம் முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் தட்டையாக. காலியாக.

கத்தியை ஓங்கிக் குத்தினான்.

அந்த வலியை அவன் எதிர்பார்க்கவில்லை. மெத்தையின் தோளில் கத்தி இறங்கியதும் அவன் தோள் பிளந்தது. போயிருந்த அத்தனையும் ஒரே அடியாக எரிந்தது. இஸ்திரிப் பெட்டி. ஹேர்பின், ஒவ்வொரு குத்தாக. ஏணி. எல்லாம் உயிரோடு அங்கே இருந்தது. அவனுடையதாகவே இருந்தது. அலறிக்கொண்டு கத்தியைப் பிடுங்கி வீசினான். துணியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

ஓடிவந்தார்கள்.

"கடைக்காரன் சாமானைக் கிழிக்கப் பார்த்தாரா?" என்றார் மாமனார். முதல் தடவையாக அவர் முகம் நிஜமாகவே வருத்தப்பட்டது. "இன்னும் ஒரு விதம்தானே பாக்கி, மாப்பிள்ளை? இப்பவே முடிச்சுட்டா உங்களுக்கும் நிம்மதி."

"வேண்டாம் மாமா. முகம் வேண்டாம். கால்ல வேணா விழறேன்."

"விழத்தான் போறே. வா," என்று மச்சான் பிடரியைப் பிடித்தான்.

"ஏய், நீ கொஞ்சம் சொல்லேன்." மனைவியைப் பார்த்துக் கத்தினான். "நீயாவது சொல்லேன்!"

அவள் குனிந்து, அவன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "கண்ணை மூடிக்கோங்க," என்றாள். "சீக்கிரம் ஆயிடும்."

மச்சான் அவன் முதுகில் உட்கார்ந்தான். அந்தப் பாரம் முதுகில் தெரியவில்லை. கீழே, மெத்தைக்குள்ளிருந்து தெரிந்தது. முகத்தைத் திருப்பப் பார்த்தான். மாமனாரின் கை பின்னந்தலையில் வந்து, பதமாக அழுத்தியது. தரம் பார்த்துப் பழகிய கை.

துணி. மூக்கில். உதட்டில்.

இளஞ்சூடு.

ஸ்ஸ்ஸ்.

நாக்கு போயிற்று. அப்புறம் கண்.

எவ்வளவு சுகம்.

பிறகு வெளிச்சம் வந்தது. ஆனால் கீழேயிருந்து மேலே. பொடிப்பொடியான கட்டங்களுக்குள், துணியின் இழைகளுக்கு இடையில், கூடத்தின் விட்டம் தெரிந்தது. விட்டத்துக்குக் கீழே ஒரு ஆள் கையூன்றி எழுந்துகொண்டிருந்தான். தோளில் அதே சட்டை. முகத்தில் சுருக்கமில்லை, வியர்வையில்லை. இழுத்துப் போர்த்திய உறைபோல ஒரு வழவழப்பு. அதில் சிரிப்பு ஒன்று தங்கியிருந்தது.

"எப்படி, மாப்பிள்ளை?"

"சுகமா இருக்கு மாமா," என்றான் அந்த ஆள்.

மாமா, அது நான் இல்லை! மெத்தைக்குள்ளிருந்து கத்தினான். முழு நெஞ்சால் கத்தினான்.

"இன்னும் காத்து இழுக்குது பாருங்க," என்றாள் மனைவி மெத்தையைப் பார்த்து. "நல்ல சரக்குதான்."

மாமனார் சொல்லச் சொல்ல, அந்த ஆள் மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினான். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பேனா தடங்கலில்லாமல் ஓடியது. "மூன்றாவது வகை எங்களுக்குப் பிடித்திருக்கிறது. நான்கு விதமாகவும் படுத்துப் பார்த்தாயிற்று. படுத்தவருக்கு எந்தக் குறையும் இல்லை. பார்வைக்கு வந்ததை வைத்துக்கொள்கிறோம். இதே போல இன்னும் இரண்டு அனுப்பவும்."

"மூணு வேணாமாப்பா? நாம நாலு பேராச்சே."

"இவருக்கெதுக்கும்மா மெத்தை? எங்க போட்டாலும் படுத்துக்கற ஆளு." மாமனார் அந்த ஆளின் தோளைத் தட்டினார். "இத்தனை நாள் கழிச்சு இப்பதான் நம்ம வீட்டுக்கு ஏத்த மாப்பிள்ளை ஆயிருக்கார்."

அந்த ஆள் தாளை நாலாக மடித்து உறைக்குள் செருகினான். உறையின் ஓரத்தை நாக்கால் நிதானமாக நீவினான். பசையின் ருசி மெத்தைக்குள் இருந்தவனுக்கு வரவில்லை. கட்டைவிரலால் மடிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தி ஒட்டி, எழுந்து, செருப்பை மாட்டினான்.

"போட்டுட்டு வந்துடறேன்," என்றான், மூவரையும் பார்த்து.

மெத்தைக்கு மேலே விட்டம் மறைந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி மச்சான் நின்றிருந்தான். "எனக்கு முட்டி உயிர் போகுது. நான் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கறேன்," என்று சொல்லிக் குனிந்தான். முதலில் முழங்கால், வெந்த முக்கோணத்தின் நட்டநடுவில். பிறகு கை. பிறகு முழுப் பாரமும், கண்ணின்மேல், வாயின்மேல்.

இருட்டுக்கு அப்பால், வாசற்கதவைச் சத்தம் வராமல் சாத்தும் மரியாதை கேட்டது. ஜன்னலுக்கு வெளியே அவனுடைய செருப்புகள், அவனுடைய நடையில், தெருமுனைவரை போயின. நின்றன.

தபால் பெட்டியின் இரும்பு மூடி ஒருமுறை திறந்து, மூடிக்கொண்டது.